இடது கை வாசிக்க, வலது தோள் ஆட

என் வலது கை இஸ்திரி உருளைக்குள் போனபோது, அதற்கு நேர் மேலே சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. "உருளை ஓடும்போது கையை உள்ளே விடாதே. அவசரம் உனக்குத்தான், மெஷினுக்கு இல்லை." எழுதியவன் நான்தான். எங்கள் ஆட்களுக்குப் புரியும்படி தமிழில் ஒன்று எழுதிப் போடு என்று மேஸ்திரி சொன்னார். சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கைப்படமும் வரைந்திருந்தேன். அதில் விரல் ஆறு விழுந்துவிட்டது என்று எல்லாரும் ஒரு வாரம் சிரித்தார்கள். இப்போது படத்துக்கு ஒன்று கூடுதல், எனக்கு இரண்டு குறைவு.

நான் வெளிநாட்டில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகள் போடும் முதுகு திறந்த அங்கி எல்லாம் வார்டு வாரியாக வரும். துவைத்து, சூடான உருளையில் விட்டு இஸ்திரி போட்டு, மடித்து, வார்டு வாரியாகவே திருப்பி அனுப்புவோம். அன்றைக்கு ஒரு தலையணை உறையின் மூலை மடிந்துகொண்டு உள்ளே போனது. அதை நேராக்கக் கையை நீட்டினேன். அந்தத் தலையணையில் படுக்கப் போகிறவர் மூலையைப் பார்த்தா படுக்கப் போகிறார்? அப்போது அது தோன்றவில்லை.

அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். என்மேல் போர்த்திய விரிப்பை முந்தின நாள் நானே துவைத்திருந்தேன். ஓரத்தில் கறை சரியாகப் போகவில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் பாதியோடு போயின. நடுவிரல் இருக்கிறது, ஆனால் மடங்காது; மற்ற இரண்டு விரலிலும் பிடி இல்லை. மூன்று மாதம் விடுப்பு கொடுத்து அறைக்கு அனுப்பினார்கள்.

இதில் எதையும் என் மனைவியிடம் நான் சொல்லவில்லை.

மனைவி எங்கள் ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறாள். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான். பதினான்கு மெஷின், இரண்டு கம்ப்யூட்டர். முன்னால் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல், சத்தத்தை வைத்தே, "மூணாவது மெஷின், இடது சுண்டுவிரல் தூங்குது" என்பாள். மூன்றாவது மெஷின்காரி விழித்துக்கொள்வாள். உலகத்தில் எத்தனையோ வேலை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். கண் டாக்டரைக் கட்டியிருந்தாலாவது காது வழியாகத் தப்பித்திருக்கலாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. அதையும் சொல்லவில்லை. எதற்கு அவளைக் கலவரப்படுத்த வேண்டும் என்ற பெருந்தன்மை. இரண்டு மாதம் கழித்து இங்கிருந்து விடுமுறைக்குப் போன ஒருவன் வீட்டில் பார்சல் கொடுக்கப் போய், "அண்ணனுக்கு வயித்துத் தையல் ஆறிடுச்சுல்ல அண்ணி?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டான். அன்றைக்கு டீச்சர் போனில் கத்தவில்லை, அழவில்லை.

"இன்னொரு தடவை இந்த மாதிரி மறைச்சீங்கன்னா சண்டை போட மாட்டேன்" என்றாள். "உங்களை எதுவுமே கேக்க மாட்டேன். சாப்பிட்டீங்களான்னுகூட."

மனைவி கூடவே இருக்கிறவர்களுக்கு இது மிரட்டலாகவே தெரியாது. கேள்வி கேட்காத மனைவி கிடைத்தால் கும்பிடுவார்கள். ஆனால் இங்கே வாரம் முழுக்க என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை, தள்ளுவண்டி எங்கே என்பதைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கேள்விகள் வரும். சாப்பிட்டீங்களா, என்ன சாப்பிட்டீங்க, ஏன் நேத்தும் அதையே சாப்பிட்டீங்க, குரல் ஏன் கம்முது, அந்தப் பச்சைச் சட்டையை இன்னுமா தூக்கிப் போடலை. அந்த அரை மணி நேரத்தில் நான் ஒரு ஆளாக இருப்பேன். அதை வைத்துக்கொண்டு அடுத்த ஆறு நாள் ஓட்டுவேன்.

இவ்வளவு தெரிந்தவன் ஏன் மறைத்தான் என்று கேட்கலாம். முதல் வாரம் மகளுக்குப் பரீட்சை. இரண்டாவது வாரமும் பரீட்சை. மூன்றாவது வாரம், கட்டுப் பிரித்த பிறகு சொல்லலாமே என்று தோன்றியது. நான்காவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். பார்த்தேன், சொல்லும்படியாக இல்லை. அதற்குள் பொய் விரலைவிட நீளமாக வளர்ந்துவிட்டது. விரல் போனதைச் சொல்லிவிடலாம். நான்கு வாரம் சொல்லாமல் இருந்ததை எப்படிச் சொல்வது?

இடது கையில் போனைப் பிடித்து, முகத்தை மட்டும் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். டைப் அடித்துச் செய்தி அனுப்புவதை விட்டுவிட்டுக் குரலில் அனுப்பினேன். ஐந்தாவது ஞாயிறு டீச்சர் கேட்டாள்.

"ஏன் எப்பப் பாரு போனை இடது கையிலயே பிடிக்கறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் குறுக்கே தலையை நீட்டினாள். பதினேழு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான்.

"அப்பா, உங்க பின்னாடி இருக்கறது பியானோவா? மேல குக்கர் இருக்கு?"

"பியானோதான் பாப்பா. குக்கரும்தான்."

"யாரு வாசிப்பாங்க?"

"நான்தான் கத்துக்கறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. முழுகுகிறவன் கைக்குப் பியானோ கிடைத்தால் அதையும் பிடிப்பான் போலிருக்கிறது. வாய் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "வலது கைக்குப் பயிற்சி ஜாஸ்தி டீச்சர். மத்த நேரம் அதுக்கு ஓய்வு குடுக்கணுமாம்."

"யாரு சொன்னா?"

"பியானோவுல எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க."

டீச்சர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து என் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்து போயிட்டு இருந்தீங்க. ஒரு வரி டைப் அடிக்கத் தெரியாது. நாப்பத்தெட்டு வயசுல பியானோவாக்கும்."

"அம்மா பொறந்தநாளுக்கு வாசிச்சுக் காட்டுங்கப்பா" என்றாள் பாப்பா. "இன்னும் ஆறு வாரம் இருக்குல்ல?"

போனை வைத்த பிறகு திரும்பிப் பியானோவைப் பார்த்தேன். இந்தக் கட்டடத்துக்கு மாறி வந்த பதினாறு மாதமாக அதன் பக்கத்தில் சாப்பிடுகிறேன். மூடியைத் திறந்து பார்த்ததில்லை.

நாங்கள் தங்கியிருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் சங்கீதப் பள்ளிக்கூடமாக இருந்ததாம். பள்ளிக்கூடம் காலி செய்தபோது மற்றதெல்லாம் போய்விட்டது. பியானோ மட்டும் போகவில்லை. நடுவில் யாரோ வாசலைச் சின்னதாக்கிக் கட்டிவிட்டார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் அது ஒரு அலமாரி மாதிரி நின்றது. மேலே குக்கர், ஓரத்தில் காயப்போட்ட காலுறைகள்.

என் அறையில் கூட இருக்கிறவன் சலவை வண்டி ஓட்டுகிறவன். அவனை எல்லாரும் டிரைவர் என்றே கூப்பிடுவோம். அவனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றான். "கை போனதை மறைக்கறதுக்கு, கை இருந்தாத்தான் செய்ய முடியற ஒரு வேலையைச் செய்யறேன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"காலு போயிருந்தா ஓட்டப்பந்தயத்துல பேரு குடுத்திருப்பீங்க."

அவன்தான் குக்கரை இறக்கி வைத்தான். பியானோ முன்னால் இருந்த முக்காலியின் பலகையைத் தூக்கினால் உள்ளே பெட்டி மாதிரி இடம். அதில் பழைய இசைப் புத்தகங்கள். ஒன்றின் அட்டையில் ஒரே ஒரு கை வரைந்திருந்தது. ஐந்து விரலும் சரியாக இருந்தன, என்னைவிட நல்ல ஓவியர். இந்த ஊர் மொழியை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இடது கைக்கு மட்டும் என்று போட்டிருந்தது.

முதலில் யாரோ வேடிக்கைக்குப் போட்ட புத்தகம் என்றுதான் நினைத்தேன். போனில் தேடியபோதுதான் அது ஒரு தனி உலகம் என்று தெரிந்தது. போரில் வலது கை போனவர்கள், அளவுக்கு மீறிப் பயிற்சி செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டவர்கள், ஒன்றும் ஆகாமலே திறமை காட்ட நினைத்தவர்கள் என்று பலருக்காகப் பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். தலையணை உறையை நேராக்கப் போனவனுக்கு என்று யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

ஒரு அம்மாள் வீடியோவில் விளக்கினார். ஆள் கொஞ்சம் வலது பக்கமாகத் தள்ளி உட்கார வேண்டும், அப்போதுதான் இடது கை கடைசிவரை எட்டும். சுண்டுவிரல் கீழே கனத்த சத்தத்தை ஒரு தட்டுத் தட்டும். உடனே கால் பெடலை மிதித்து அந்தச் சத்தத்தைச் சாகவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்குள் கை மேலே ஓடிப்போய், கட்டைவிரலால் பாட்டைப் பாடும். பிறகு மறுபடி கீழே. "கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு இரண்டு கை வாசிப்பதாகவே தோன்ற வேண்டும், அதுதான் இந்தக் கலை" என்றார் அந்த அம்மாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சங்கீதத்துக்காக இல்லை. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு இரண்டு கை இருப்பதாகப் பொய் சொல்வதற்கென்றே இத்தனை பெரியவர்கள் உழைத்திருக்கிறார்கள். என் ஒருவனுடைய கோழைத்தனத்துக்கு இவ்வளவு பெரிய பின்பலம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

புத்தகத்தில் இருப்பதிலேயே சின்னது ஒன்றை எடுத்தேன். எனக்கு இசைக்குறி படிக்கத் தெரியாது. கம்பியில் குருவி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதே உருப்படியை அந்த அம்மாள் மேலிருந்து கை தெரியும்படி வாசித்த வீடியோ கிடைத்தது. வேகத்தைக் குறைத்து, எந்தக் கட்டைக்குப் பிறகு எந்தக் கட்டை என்று பார்த்துக்கொண்டேன். ஆனால் கட்டைகள் எல்லாம் ஒரே வெள்ளை. எதை எது என்று ஞாபகம் வைப்பது?

டிரைவர் சலவைக்கூடத்திலிருந்து பழைய வார்டு சீட்டுகளை ஒரு கட்டு கொண்டுவந்தான். துணி மூட்டையில் ஒட்டுகிற சீட்டு. கட்டைக்கு ஒன்றாக ஒட்டினேன். கீழ்க்கோடியில் பிணவறை, அடுத்தது அவசரப் பிரிவு, அப்படியே மேலே போகப் போக எலும்பு வார்டு, தீக்காய வார்டு, கண், பிரசவம், குழந்தைகள். கறுப்புக் கட்டைகள் ஆபரேஷன் தியேட்டர்கள். அதன் பிறகு சுலபமாகிவிட்டது. அந்த உருப்படி அவசரப் பிரிவில் ஆரம்பிக்கும். பெடலை மிதித்துக்கொண்டு பிரசவ வார்டுக்கு ஓடி அங்கே இரண்டு தடவை தட்டி, கண் வார்டு வழியாக எலும்பு வார்டில் இறங்கும். நடுவில் மூன்றாவது தியேட்டருக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். சோகமான இடம் வந்தால் தீக்காய வார்டு. டிரைவருக்கு அது தினமும் போகிற வழி. சமைத்துக்கொண்டே, "அண்ணே, லிஃப்ட்டை விட்டுட்டு மாடிப்படியில போறீங்க, கண் வார்டு இன்னும் மேல" என்பான். அவன் திருத்தியது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஆறு வாரத்தில் எழுபது மணி நேரம் வாசித்திருப்பேன். வீடியோ அம்மாள் ஒன்றரை நிமிடத்தில் முடிப்பதை நான் நாலு நிமிடத்தில் முடித்தேன். அளவில் பார்த்தால் நான்தான் அதிகம்.

பிறகு தோள் பிரச்சினை வந்தது. போனைப் பியானோமேல் நிறுத்தி முகமும் தோளும் மட்டும் தெரியும்படி வைப்பது என்று ஏற்பாடு. இடது தோள் ஆடி வலது தோள் சும்மா இருந்தால் மாட்டிக்கொள்வேன். அதனால் வலது தோளையும் ஆட்டிப் பழகினேன். டிரைவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தான். பார்த்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே. கூட்டமான பஸ்ல பின்பாக்கெட்டுலேருந்து பர்ஸ் எடுக்கற மாதிரியே இருக்கு."

"குறைச்சுக்கட்டுமா?"

"வேணாம். முகத்தை மட்டும் மாத்துங்க. பர்ஸ் காணாமப் போன மாதிரி வெச்சிருக்கீங்க." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "அண்ணே, இவ்வளவு கஷ்டப்படறதுக்கு அண்ணிகிட்டச் சொல்லிடலாம்ல?"

"சொன்னா அப்புறம் எதுவும் கேக்க மாட்டா."

"சொல்லாமக் கண்டுபிடிச்சா?"

நான் பியானோ பக்கம் திரும்பினேன். தோளை ஆட்டினேன்.

பிறந்தநாளும் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. காலை எட்டு மணி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். டிரைவர் போனை நிறுத்திவிட்டு, படத்தில் விழாமல் தரையில் உட்கார்ந்தான். திரையில் எங்கள் வீட்டு முன்னறை. பாப்பா போனைப் பிடித்திருந்தாள். டீச்சர் நாற்காலியில் புதுப்புடவையில் இருந்தாள். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிகூடத் தெரிந்தது. என்னைப் பார்த்து யாரும் வெட்கப்பட்டு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

"ஆரம்பிங்கப்பா."

அவசரப் பிரிவைத் தட்டினேன். பெடல். பிரசவம் இரண்டு தடவை. கண். எலும்பு. நன்றாகத்தான் போனது. தோளும் அதுபாட்டுக்கு ஆடியது. எட்டாவது தட்டில் நிமிர்ந்து திரையைப் பார்த்தேன்.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இடது காது போன் பக்கம் இருந்தது. இன்ஸ்டிடியூட்டில் உட்காருகிற மாதிரியே.

ஆறு வாரமாக ஆட்டிப் பழகிய தோளைப் பாப்பா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர். அப்பா இரண்டு கையாலும் வாசிக்கிறார் என்று அவள் முழுசாக நம்பிவிட்டாள். யாரை ஏமாற்ற வேண்டுமோ அவள் கண்ணால் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக் கேட்பவரை ஏமாற்றுவதுதான் கலை என்று அந்த அம்மாள் சொன்னதும் ஞாபகம் வந்தது. அது எழுதியவர்கள் திறமையில் இருக்கும். என் விஷயத்தில் கண்ணைத் திறந்தவர்தான் ஏமாந்தார்.

நடுவில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மூன்றாவது தியேட்டருக்குள் எட்டிப் பார்த்து, தீக்காய வார்டில் கொஞ்சம் தடுமாறி, கடைசியாக அவசரப் பிரிவுக்கே திரும்பி வந்து முடித்தேன். பாப்பா கைதட்டினாள். டிரைவரும் மறந்துபோய்த் தட்டிவிட்டான்.

டீச்சர் திரும்பினாள். "நல்லா இருந்துச்சு" என்றாள். "பாப்பா, மாடியில துணி காயுது, எடுத்துட்டு வா."

"இப்பவா?"

"இப்பத்தான்."

பாப்பா போகும்வரை காத்திருந்தாள். பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு கையில வாசிச்சா, கீழயும் மேலயும் ஒரு தடவையாவது சேந்து விழும்" என்றாள். "உங்களுக்குக் கடைசிவரைக்கும் விழவே இல்ல. கீழ தட்டிட்டு, கை நடந்து மேல போகுது. அது நடக்கறது கேக்குது. ஒத்தக் கையில டைப் அடிக்கற புள்ளைங்க இப்படித்தான் அடிக்கும். வலது கையைக் காட்டுங்க."

டிரைவர் தரையிலிருந்து எழுந்து சத்தமில்லாமல் வெளியே போனான். நான் வலது கையைத் தூக்கித் திரைக்கு முன்னால் பிடித்தேன்.

அவள் விரல் விரலாகப் பார்த்தாள். டைப்பில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு எழுத்து உண்டு. வாய்க்குள்ளேயே சொன்னாள். "ஜே இருக்கு. கே..." மடங்காத நடுவிரலைப் பார்த்து நிறுத்தினாள். "எல் போச்சு. செமிகோலன் போச்சு."

"சுண்டுவிரல் எப்பவும் சோம்பேறின்னு நீயே சொல்லுவியே" என்றேன். சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். அந்த இடத்திலும் அப்படித்தான் நினைத்தேன்.

"எப்போ?" என்றாள்.

"பதினோரு வாரம்."

அவள் மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. பரீட்சை, ஒவ்வொரு ஞாயிறும் பேசியது, ஓய்வு கொடுக்கணுமாம் என்றது. பிறகு "சரி" என்றாள். திரை இருட்டாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு வழக்கமான நேரத்துக்கு அவளே கூப்பிட்டாள். நான் சந்தோஷப்பட்டுவிட்டேன். குழாய் ரிப்பேர் ஆகி ஆள் வந்து சரி செய்ததைச் சொன்னாள். பாப்பாவுக்கு ரிசல்ட் வரும் தேதியைச் சொன்னாள். ஐந்தாவது மெஷினுக்கு ரிப்பன் மாற்றியதைச் சொன்னாள். இருபது நிமிடம் சாதாரணமாகவே பேசினாள். வைத்த பிறகுதான் உறைத்தது. ஒரு கேள்விகூட இல்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இருமிக் காட்டினேன். கண்ணுக்கு நேராக இரண்டு நாள் தாடி. அவள் தண்ணீர் லாரி தாமதமாக வருவதைப் பற்றிச் சொன்னாள். தாடியைத் தாண்டிப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது. சொன்ன சொல் தவறாதவள். கட்டிக்கொள்ளும்போது அது பெரிய குணமாகத் தெரிந்தது.

மூன்றாவது ஞாயிறு அவள் ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் ஆரம்பித்தேன். திட்டம் ஒன்றும் இல்லை. திட்டம் போட்டுப் பார்த்தாகிவிட்டது.

"டீச்சர், நீ கேக்க வேணாம். நானே சொல்றேன். காலையில சாப்பிடல. சோம்பல். நேத்து ராத்திரி ரொட்டி, முந்தா நாள் ராத்திரியும் ரொட்டி. சட்டைக் கழுத்துப் பட்டன் போட வரலை, அதான் திறந்து கிடக்கு. ஸ்டைலுன்னு இங்க சொல்லி வெச்சிருக்கேன். பேனா பிடிக்க வரலை. வேலையில கையெழுத்து மாறிடுச்சுன்னு மூணு தடவை கேட்டுட்டாங்க. விரல் இல்லாத இடத்துல அரிக்குது. சொறியறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. கை உள்ள போனப்ப நான் கத்தலைன்னு மேஸ்திரி எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்றார். தைரியம் இல்ல டீச்சர். கையை உள்ள விடாதேன்னு நானே எழுதி ஒட்டின நோட்டீஸைப் பாத்துட்டேன், வெக்கமாப் போச்சு."

மூச்சு வாங்க நிறுத்தினேன். அவள் போனை வைக்கவில்லை.

"உன்கிட்ட ஏன் சொல்லலைன்னா, உன்னைப் பயமுறுத்தக் கூடாதுன்னு இல்ல. அது சும்மா. கையை நீ பாத்தப்புறம் வேற மாதிரி பாப்பியோன்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பத்து வரி டைப் அடிக்கும் நேரம் போயிருக்கும்.

"அன்னிக்கு வாசிச்சப்ப" என்றாள் கடைசியில், "பாட்டோட கூடவே டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. நகம் கட்டையில படற சத்தம். இடது கை நகத்தை யாரு வெட்டி விடறா?"

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. வலது கை இப்படி இருக்கையில் இடது கை நகத்தை நானாக வெட்ட முடியாது. பதினான்கு வாரமாக இதை யாரும் யோசிக்கவில்லை, டாக்டர், மேஸ்திரி, டிரைவர், நான் உட்பட.

"யாரும் வெட்டலை" என்றேன். "முடிஞ்ச வரைக்கும் கடிச்சுத் துப்பறேன்."

"கையைக் காட்டுங்க. அந்தக் கை இல்ல, இது."

காட்டினேன். அவள் முகத்தைச் சுளித்தாள்.

"டிரைவர் தம்பி அங்க இருக்காரா?"

அவன் கதவுக்குப் பின்னால்தான் இருந்தான். கூப்பிட்டதும் இவ்வளவு நேரம் குளித்துக்கொண்டிருந்தவன் மாதிரி வந்தான். டீச்சர் சொல்லச் சொல்ல நகவெட்டியை எடுத்துவந்து, என் எதிரில் முக்காலியைப் போட்டு, என் இடது கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். நான் வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் என்னைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒட்ட வெட்டிடாதீங்க தம்பி. வளைவா வெட்டுங்க."

"சரிங்க அண்ணி. அண்ணன் கையை இழுக்கறாரு."

"ஏன் இழுக்கறீங்க?" என்றாள் டீச்சர். "கூசுதா?"

"கூசுது" என்றேன்.

"ரொட்டிக்குத் தொட்டுக்க என்ன வெச்சுக்கிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. டீயில நனைச்சேன்."

"ரெண்டு நாளுமா?"

"ரெண்டு நாளும்தான்."

டிரைவர் கட்டைவிரலுக்கு வந்திருந்தான். பாட்டைப் பாடுகிற விரல், நகம் அதில்தான் தடிமன். அழுத்தியதும் துண்டு தெறித்து எங்கேயோ போனது. டீச்சர் என்ன சத்தம் என்று கேட்டாள், சொன்னேன். அதைத் தேடி எடுத்தீங்களா என்று கேட்டாள். டிரைவர் குனிந்து பியானோவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான்.